தெய்வசிகாமணி கிணற்றில் பூத்த அல்லி

செங்கால்பட்டுக்காரர்கள் பிள்ளையாரைக் கொண்டுபோய்ப் பிணம் கிடக்கிற கிணற்றில் போட்டார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் போட்டார்கள், அதுவும் பட்டப்பகலில், தலைக்குக் குளித்து, விபூதி பூசி, தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போட்டார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரி அஞ்சலாட்சி அந்த நேரம் சுரங்கத்தில் பகல் ஷிப்டில் இருந்தாள். அவள் ஊரில் இருந்திருந்தால் ஒருத்தன் அந்தப் பக்கம் கால் வைத்திருக்க முடியாது.

ஊருக்குக் கிழக்கே இருந்தது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். பூமியைப் பிளந்து நிலக்கரி எடுக்கிறவனுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி, குழிக்குள் ஊற்று பொங்கினால் வேலை நடக்காது, அதனால் ராட்சத மோட்டார்களை வைத்து ராத்திரி பகல் பார்க்காமல் நிலத்தடி நீரை உறிஞ்சி வாய்க்காலில் விட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர்கள் உறிஞ்ச உறிஞ்சச் செங்கால்பட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, ஊர்க்காரர்கள் கயிற்றை நீட்டினார்கள், தண்ணீர் இன்னும் இறங்கியது, கிணற்றை ஆழமாக்கினார்கள், அதற்குக் கீழேயும் இறங்கியது, கடைசியில் ஏரி வெடித்து, தென்னை மொட்டையாகி, ஏரிக்கரை வேலியில் படர்ந்திருந்த குண்டுமணிக் கொடிகூடச் சருகாகிப் போனது. மனு கொடுத்தால் மழை பொய்த்துவிட்டது என்று பதில் வரும். வெள்ளம் வந்து ஊரே பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்த வருஷமும் அதே பதில்தான் வந்தது.

அப்படி ஆழமாக்கப் போன இடத்தில்தான் அஞ்சலாட்சியின் புருஷன் தெய்வசிகாமணி போனான். உள்ளே நின்று மண்ணை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவன் மேல் பக்கத்து மண் மொத்தமாகச் சரிந்து மூடிவிட்டது. மேலே நின்று கயிறு பிடித்தவள் அஞ்சலாட்சி. கயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது, அதோடு சரி. ஊர் ஆம்பளைகள் மண்வெட்டியோடு இறங்கிப் பார்த்தார்கள், இறங்க இறங்க மண் சரிந்தது, ஏறிவிட்டார்கள்.

அஞ்சலாட்சி நேரே சுரங்கத்து நில அதிகாரி ரகோத்தமனிடம் போனாள். மலையையே பெயர்த்துப் போடுகிற சக்கர மெஷின் வைத்திருக்கிறார்களே, ஒரு ஆளைத் தோண்டி எடுப்பது பெரிய காரியமா என்று நினைத்துத்தான் போனாள்.

"மண்ணு ரொம்ப லூஸா இருக்கும்மா. தோண்டினா இன்னும் நாலு பேர் உள்ள போயிடுவாங்க. இரும்பு உறை இறக்கணும், சாரம் கட்டணும், அதுக்கெல்லாம் இங்க வசதி கிடையாது. அவரு அங்கயே நிம்மதியா இருக்கட்டுமே" என்றார் ரகோத்தமன்.

"நிம்மதியா இருக்கட்டுமா? தண்ணிய நீங்க எடுத்துக்கிட்டீங்க, ஆள மண்ணு எடுத்துக்கிச்சு. எலும்பையாச்சும் எங்கையில குடுங்க சார்."

ரகோத்தமன் அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். போகும்போது ஒப்பந்தக் கூலி வேலையும் ஒன்று கொடுத்தார். சக்கர மெஷின் வெட்டிப்போடுகிற மேல்மண் ரப்பர் பெல்ட்டில் ஏறி நாள் முழுக்க ஓடும், அதில் ஒட்டிக்கொள்ளும் களிமண்ணைத் தகடு வைத்து வழித்துப் போடுவது வேலை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அஞ்சலாட்சி அந்த வேலைக்குப் போனாள்.

போன பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். மெஷின் மேற்கே பார்த்து வெட்டிக்கொண்டு வந்தது, செங்கால்பட்டை நோக்கி, அவள் கொல்லையை நோக்கி. ஒருநாள் அது கிணற்றையும் வெட்டும், வெட்டினால் அவனும் மண்ணோடு மண்ணாகப் பெல்ட்டில் ஏறுவான், அந்தப் பெல்ட்டுக்குக் கீழே தகட்டை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறவள் அவள். தாலி கட்டினவனை அவளே வழித்துக் குப்பையில் தள்ள வேண்டும். இதை அவள் ரகோத்தமனிடம் சொன்னாள், மேஸ்திரியிடம் சொன்னாள், ஜீப்பில் வந்த ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மெஷின் நிற்கவில்லை. அவள் செய்ய முடிந்தது ஒன்றுதான், நிலத்துக்குப் பணம் வாங்கிக்கொண்ட வீடுகளின் கிணறுகளை எல்லாம் சுரங்கத்துக்காரர்கள் மண்ணடித்து மூடியபோது, தன் கிணற்றின் மேல் படுத்துக்கொண்டு அதை மட்டும் மூட விடாமல் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு ஏரி மண் பொடியாகப் போனது, பிடித்தால் நிற்கவில்லை. பெல்ட் வேலைக்குப் போகிற பெண்கள் டிபன் பாக்ஸில் சுரங்கக் களிமண்ணை அடைத்துக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊருக்கு அடியில கெடந்த மண்ணுதானே, நமக்கு இல்லாத உரிமையா என்றார்கள். நல்ல மண், வெண்ணெயாகக் குழைந்தது. கண்ணுக்குத்தான் குண்டுமணி இல்லை. களிமண்ணுக்குள்ளேயே கறுப்பாக, கொத்தமல்லி விதையைவிடச் சின்னதாக, தலையில் துளியூண்டு மூடி வைத்த மாதிரி விதைகள் கிடந்தன, கல்லைப்போல் கெட்டி. அதையே பொறுக்கி எல்லா வீட்டுப் பிள்ளையாருக்கும் கண்ணாக வைத்தார்கள். மூன்றாம் நாள் கரைக்க வேண்டும். கரைக்க ஊரில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, திறந்து கிடந்த கிணறும் ஒன்றே ஒன்றுதான். டீக்கடைக் கலியபெருமாள், தெய்வசிகாமணிக்குச் சித்தப்பா மகன், அவன்தான் சொன்னான், "கெணத்துல போட்டு மேல ரெண்டு கொடம் லாரித் தண்ணிய ஊத்துனா கரைஞ்ச கணக்குதான். அண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுடுவோம்" என்று.

அஞ்சலாட்சி ஷிப்ட் முடிந்து வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். எருக்கம்பூ மாலையும் வாழைப்பழத் தோலுமாகக் கிடந்தது. அவள் தெருவின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரைக்கும் போனாள், மறுபடியும் திரும்பி வந்தாள். "எம் புருசன் கெடக்குற எடம் ஒங்களுக்குக் குப்பைக்குழியாடா? தோண்டச் சொன்னப்ப எவனுக்கும் கையி வரல, கொட்றதுக்கு மட்டும் ஊரே தெரண்டு வந்தீங்களோ? ஒங்க வூடு வெளங்குமா, ஒங்க வாயில வெக்கிற சோறு எறங்குமா" என்று அவள் போட்ட சத்தத்தில் கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் சாத்திக்கொண்டார்கள். கலியபெருமாள் கடையை மூடிவிட்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது கிணறு முளைத்திருந்தது.

விரல் தடிமனில் சிவந்த தண்டுகள் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தன, கைப்பிடிச் சுவரைத் தாண்டின, தாண்டியும் நிற்காமல் ஓர் ஆள் மார்பளவு உயரம் வந்து, அங்கே ஏதோ தட்டின மாதிரி நின்று, இலையை விரித்தன. முறம் அகலத்தில் வட்ட இலைகள், ஓரத்தில் ஒரு வெட்டு. இலைகள் வெறும் காற்றில் மல்லாந்து கிடந்தன, கிடந்ததோடு நில்லாமல் மெதுவாக ஆடின, தண்ணீர்மேல் கிடக்கிற இலை எப்படி ஆடுமோ அப்படி. கீழே கட்டாந்தரை, ஈரம் என்பது பெயருக்கும் இல்லை. தண்டுகள் கொல்லையைத் தாண்டித் தெருவுக்குப் போயின, தெருவைத் தாண்டி ஊரெங்கும் படர்ந்தன, எல்லா இலையும் ஒரே மட்டம். பிறகு மொட்டு விட்டுப் பழுத்த இலந்தைப்பழ நிறத்தில் பூத்தது, ஊர் முழுக்கப் புதுப்பானைத் தண்ணீரின் மணம் அடித்தது.

தெருவில் இறங்கியவர்களுக்கு உடம்பு கனம் குறைந்தது. இலைக்குக் கீழே தண்ணீர் இருந்தது, கண்ணுக்குத் தெரியாது, கையால் அள்ள முடியாது, துணியை நனைக்காது, ஆனால் இருந்தது. ஆடுகள் கால் தரையில் பாவாமல் நீந்திக்கொண்டு மேய்ச்சலுக்குப் போயின, பல வருஷமாகச் சேறு காணாத எருமைகள் நடுத்தெருவில் அந்தரத்தில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன, கோழிகள் கூரையை விட்டு இறங்க மாட்டேன் என்றன, பெண்கள் பிளாஸ்டிக் குடத்தைக் கழுத்தில் கயிறு கட்டிப் பின்னால் மிதக்கவிட்டுத் தண்ணீர் லாரிக்கு நடந்தார்கள், வெற்றிலைக்காரர் கூடையைத் தள்ளிக்கொண்டே வியாபாரம் செய்தார், ஆம்பளைகள் பழக்கதோஷத்தில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள், ஏரி நிறைந்து பார்த்தறியாத பிள்ளைகள் ஒரே வாரத்தில் நீச்சல் பழகினார்கள், சில நேரம் நடக்கிறவர்கள் காலில் வழவழவென்று ஏதோ உரசிக்கொண்டு போகும், மீனாக இருக்கும் என்று மேலே நடப்பார்கள். குடிக்கத்தான் முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லாரி எப்போதும்போல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது, குழாயடிச் சண்டை எப்போதும்போலத்தான் நடந்தது, முன்னே தரையில் நின்று முடியைப் பிடித்தவர்கள் இப்போது மிதந்துகொண்டு பிடித்தார்கள்.

"இது அந்தக் காலத்துத் தண்ணி, நம்ம பங்கு இல்ல. அதான் தாகத்துக்கு வர மாட்டேங்குது" என்று கலியபெருமாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான். அதற்குப் பழைய தண்ணி என்று பேர் நிலைத்தது.

அஞ்சலாட்சி மட்டும் அந்தப் பூவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் வீட்டில்தான் பழைய தண்ணி கெட்டியாக நின்றது, அடுப்பின் மேல் வைத்த சட்டி மிதந்து போனது, அம்மிக்குழவியை எடுத்துச் சட்டிமேல் அமுக்கி வைத்துச் சோறு பொங்கினாள். "நெசத் தண்ணி இருந்தப்ப உறிஞ்சிட்டானுவோ, இப்ப பொய்த்தண்ணி வந்து என் ஒலைய ஆட்டுது" என்று திட்டிக்கொண்டே மார்பளவு பழைய தண்ணியைத் தள்ளி வேலைக்குப் போனாள்.

படித்தவர்கள் வந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், இலையைக் கிள்ளிக் கண்ணாடிக் குழாயில் போட்டார்கள். இது மனுஷன் பிறக்காத காலத்து அல்லி, பூண்டோடு அழிந்துபோனது, கல்லாகிப்போன விதைதான் களிமண்ணில் கிடைக்கும், முளைக்க வழியே இல்லை என்றார்கள். "புள்ளையார் கண்ணுங்க. எத்தினி நாளைக்குத்தான் மூடியே இருக்கும்" என்றான் கலியபெருமாள். அவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மேலே எங்கோ பேசினார்கள், பேசின வேகத்தில் சக்கர மெஷின் நின்றது. செங்கால்பட்டின் கடைசிக் கொல்லைக்கு அந்தப் பக்கம் வந்து வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டது.

ஊர் கும்பிட்டது. கூட்டமாகப் போய் மறியல் செய்தும், அடி வாங்கியும், கோர்ட்டுக்கு நடந்தும் நிறுத்த முடியாத மெஷினைப் பூ நிறுத்திவிட்டதே என்று இலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். வயிற்றெரிச்சலாக இல்லையா, ஒரு ஊரே உயிரோடு இருக்கிறது என்று சொன்னபோது நிற்காத மெஷின் அது.

ரகோத்தமனைப் பூவுக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் போட்டார்கள். அந்த மனுஷனைக் குறை சொல்லக் கூடாது, அவர் உண்மையாகவே அந்தச் செடியின் மேல் உயிராக இருந்தார். காலையில் வந்ததும் ஒவ்வோர் இலையாகத் தடவிப் பார்ப்பார், பழுத்த இலையைக் கண்டால் முகம் வாடிப்போகும், ஆடு பக்கத்தில் நீந்தி வந்தால் "ச்சூ, ச்சூ" என்று தானே விரட்டுவார், வீட்டுக்குப் போக மனசு வராமல் நிற்பார். அஞ்சலாட்சி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

ஒருநாள் ரகோத்தமன் ஊரைக் கூட்டி, பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசினார். செடி இங்கே இருந்தால் ஆபத்து, வெயில், ஆடு, ஜனநடமாட்டம், ஆகவே கிழங்கோடு பெயர்த்துச் சுரங்கத்துப் பூங்காவில் கண்ணாடிக் கூடம் கட்டி வைக்கப் போகிறோம், உங்கள் ஊர் பேரையே பூவுக்கு வைக்கப் போகிறோம் என்றார்.

"பூ போயிட்டா மெஷினு?" என்றான் கலியபெருமாள்.

"மெஷின் அதோட வேலையப் பார்க்கும்" என்றார் ரகோத்தமன். "ஆனா பேரு நிக்கும் பாருங்க."

கூட்டம் கலைந்தது. மறுநாள் லாரிகள் வந்தன. இரும்பு உறைகள் வந்தன, வட்டவட்டமாக, கிணற்றுக்கு அளவெடுத்துச் செய்தவை. சாரம் கட்டக் குழாய்கள் வந்தன, மண் சரியாமல் முட்டுக் கொடுக்கப் பலகைகள் வந்தன, மூச்சு முட்டாமல் காற்றடிக்கிற மெஷின் வந்தது, உள்ளே இறங்குகிறவனுக்கு இடுப்பில் கட்ட வார் வந்தது, கிழங்கில் கீறல் படாமல் மண்ணைத் தள்ளப் பல் துலக்குகிற பிரஷ் மாதிரி சின்னச்சின்ன பிரஷ் பெட்டிபெட்டியாக வந்தது. அஞ்சலாட்சி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. லாரியிலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் பார்த்தாள். பிறகு ரகோத்தமனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வசதி இல்லன்னீங்களே சார்."

"அது அப்போம்மா."

"இதே கெணறு. இதே மண்ணு."

"இது வேற விஷயம்மா. இது உலகத்துச் சொத்து. உனக்குச் சொன்னா புரியாது."

"எனக்குப் புரியுது சார். சரி, எறங்குங்க. கெழங்கு எடுத்துட்டு அதுக்குக் கீழ கொஞ்சம் போனா அவரு இருப்பாரு. சேத்து எடுத்துக் குடுத்துடுங்க, நான் ஒரு வார்த்த பேசல."

"கிழங்கு வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி" என்றார் ரகோத்தமன். சொல்லிவிட்டு, இலை ஒன்று உறையில் உரசுகிறது என்று ஓடினார்.

இரும்பு உறைகள் இறங்கின, மண் அசையாமல் நின்றது. எத்தனையோ பேர் சரியும் சரியும் என்று சொன்ன மண் ஒரு பிடிகூடச் சரியவில்லை. அடியில் ஆட்டுக்கல் பெருசுக்குக் கிழங்கு தெரிந்தது. மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பிட ஏறியதும் அஞ்சலாட்சி சாரத்தின் வழியே கிணற்றுக்குள் இறங்கினாள். அங்கே பழைய தண்ணி ஆழம், அவள் முடி அவிழ்ந்து மேலே மிதந்தது, புடவை மிதந்தது. தரைக்குப் போய்ச் சேர்ந்து கிழங்கைச் சுற்றிக் கையாலேயே மண்ணைப் பறித்தாள். ரொம்ப தூரம் பறிக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் கயிற்று முனை வந்தது. பிறகு கை எலும்பு.

கிழங்கு அவன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. வேர்கள் அவன் விலா எலும்புக்குள்ளே போய், முதுகைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, வெள்ளைவெள்ளையாகப் பின்னிக் கிடந்தன. ஊரே மிதந்தது, எருமை மல்லாந்தது, பிள்ளைகள் நீச்சலடித்தது எல்லாம் அவனைத் தின்ற தெம்பில்தான். அஞ்சலாட்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தச் சத்தம் இரும்பு உறைகளில் மோதி மேலே வந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமல் ஓடி வந்தார்கள், ஊர் வந்தது, ரகோத்தமன் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆள எடுங்க சார்" என்றாள் கீழேயிருந்து.

ரகோத்தமன் முட்டிபோட்டுக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "வேர் எலும்புல பின்னியிருக்கும்மா. பிரிக்க முடியாது. வேர் அறுந்தா செடி செத்துடும். அவரையும் சேர்த்தே பூங்காவுக்குக் கொண்டுபோயிடலாம், கண்ணாடிக் கூடத்துல பத்திரமா இருப்பாரு."

ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. அஞ்சலாட்சி மேலே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கலியபெருமாளின் முகத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"தம்பி, அருவா குடு."

கலியபெருமாள் நகரவில்லை. பூ போனால் நாளைக்கே மெஷின் வரும், அவன் கடையும் போகும், அது அவனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பிறகு அவன் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கடையிலிருந்து தேங்காய் வெட்டுகிற அருவாளை எடுத்து வந்து கிணற்றில் போட்டான். அது பழைய தண்ணியில் சாவகாசமாக அசைந்து அசைந்து இறங்கிய நேரம் முழுக்க ரகோத்தமன் அலறிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. உன் கால்ல விழறேன். உலகத்துலயே இது ஒண்ணே ஒண்ணுதான்மா இருக்கு."

"எனக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சார் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி வேரை வெட்டினாள்.

முதல் வெட்டுக்கு இலைகள் நடுங்கின. அவள் நிறுத்தவில்லை, விலாவுக்குள் கையை விட்டு வேரைப் பிடித்து இழுத்து இழுத்து அறுத்தாள், வாய்க்கு வந்தபடி மோட்டாரைத் திட்டினாள், மெஷினைத் திட்டினாள், மழை பொய்த்தது என்று எழுதினவனைத் திட்டினாள், தன்னை விட்டுவிட்டுப் போனதற்குத் தெய்வசிகாமணியையும் திட்டினாள், கடைசி வேர் அறுந்தபோது ஊர் முழுக்க இலைகள் ஒன்றாகத் தரையில் விழுந்தன, நடுத்தெருவில் எருமைகள் தொப்பென்று விழுந்து எழுந்தன, குடங்கள் உருண்டன, நீந்திக்கொண்டிருந்த பிள்ளைகள் முட்டி பெயர்ந்து அழுதார்கள். செங்கால்பட்டுக்காரர்களின் உடம்புக்குப் பழைய கனம் திரும்பி வந்தது.

கலியபெருமாளும் இன்னும் ரெண்டு பேரும் சாரத்தில் இறங்கினார்கள். அஞ்சலாட்சி தன் முந்தானையைக் கிழித்து எலும்புகளைக் கட்டிக் கொடுத்தாள், கை மாற்றிக் கை மாற்றி மேலே கொண்டுவந்தார்கள். மேலே ரகோத்தமன் வதங்கிப்போன ஓர் இலையை மடியில் போட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார், மூக்கு ஒழுக, மனசு விட்டு, பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி. அந்த ஊருக்குள் அதிகாரி ஒருத்தர் அழுது யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள், யாரோ ஒருத்தி பாவம் பார்த்துச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

கிணற்றிலிருந்து ஏறி வந்த அஞ்சலாட்சி அந்தச் சொம்பை வாங்கினாள்.

"அவரு அழுவட்டும், அவருக்கு வேண்டியப்பட்டது செத்துப்போச்சு" என்றாள். "இந்தத் தண்ணி எம் புருசனக் குளிப்பாட்ட."